கன்சோலா, கம்ப்யூட்டரா?

கேள்வி: மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். கடைக்காரரோ, "கேமிங் கம்ப்யூட்டரே அசெம்பிள் பண்ணிடலாம் சார்" என்கிறார். எதை வாங்கலாம்?
– ஒரு தகப்பன், திருச்சி

பதில்: கன்சோல், வீட்டோடு மாப்பிள்ளை. வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். ஆன்லைனில் நாலு பேரோடு விளையாட, பெரும்பாலான கேம்களுக்குச் சந்தா என்ற சீர் வேறு.

கம்ப்யூட்டரோ வீடு கட்டுகிற கதை. நண்பர் ஒருவர் சென்னை ரிட்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். கேபினெட்டில் நுழையவில்லை, இரண்டு விரற்கடை நீளம் அதிகம். கேபினெட்டை மாற்றினார். கார்டின் பசிக்கு, மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். போதவில்லை, அதையும் மாற்றினார். இன்னும் ஒரு கேம்கூட ஆடவில்லை, ஆனால் எல்லா ஸ்குருவும் அத்துப்படி.

விளையாடத்தான் என்றால் கன்சோல். கழற்றி மாட்டுவதிலும் பையனுக்கு ஆசை உண்டென்றால் கம்ப்யூட்டர். "படிக்கவும் உதவும்ப்பா" என்பான். அதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.