லாபிஸ் வட்டாரக் குளியலறைத் துப்புரவு: ஒரு முதற்கட்ட ஆய்வு

மொகஞ்சதாரோவில் 1925-26இல் தோண்டியெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். தண்ணீர் கசியாமலிருக்க அதற்கு நிலக்கீல் பூசியிருந்தார்கள். இவ்வளவையும் அளந்து எழுதிய தொல்லியலாளர்கள், அந்தச் செங்கல் இடுக்குகளை யார் தேய்த்தார், தேய்த்தது வீட்டுப் பெரியவர்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்பதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. குளியலறைத் துப்புரவு ஓர் அறிவுத்துறையாக வளராமல் போனதற்கு இந்த அலட்சியமே தலையாய காரணம். அக்குறையைப் போக்கும் பொருட்டு, ஜோகூர் மாநிலம் செகாமாட் மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ் நகரின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை இக்கட்டுரை களமாகக் கொள்கிறது.

களத்தில் இறங்கியதுமே கோட்பாட்டுச் சிக்கல் ஒன்று குறுக்கே நிற்கிறது. வசந்தமும் பனிக்காலமும் இல்லாத ஊரில் பருவமாற்றத் துப்புரவு எப்போது நடக்கும்? வானிலைக் கணக்குப்படி மலேசியாவில் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரில் ஓய்கிறது, வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்குகிறது. இடைப்பட்ட அக்டோபரில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். ஆனால் லாபிஸ் தமிழ் வீடுகளில் பருவத்தை மாற்றுவது காற்றல்ல, தீபாவளி. அது 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஆக, குளியலறை கழுவும் நாளும் ஆண்டுக்காண்டு மூன்று வாரம்வரை முன்னும் பின்னும் நகர்கிறது. சுவரிலிருக்கும் பூஞ்சைக்கு இந்த விவரம் யாரும் சொல்வதில்லை. அது பாட்டுக்கு வளர்கிறது.

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பங்களின் முறைமை இன்னும் கறாரானது. சீனப் புத்தாண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் கழுவிப் பெருக்கி முடித்துவிடுவார்கள். முதல் நாளில் துடைப்பத்தைத் தொட்டால் வந்த அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும் என்பது நம்பிக்கை. தமிழரிடம் அப்படியொரு காலக்கெடு இல்லாததால், முதல் விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் உள்ளே தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

வரலாற்றுப் பின்னணி தேவை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்குக் குளிப்பது பொதுக் குழாயடியில். அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே அதன் பாசிக்கும் யாரும் பொறுப்பில்லை. தாமான் வீட்டுக்குக் குடிவந்து, பளிங்கு போன்ற டைல்ஸ் பதித்த தனிக் குளியலறை கிடைத்த பிறகுதான் பாசி என்பது குடும்ப மானப் பிரச்சினையாக மாறியது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கைக் குறை சொல்லாதவர்கூட, "பாத்ரூம் எந்தப் பக்கம்க்கா?" என்று எழுந்து போய்த் திரும்பும்போது எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

இனி அழுக்கின் வகைகள். டைல்ஸ் இடுக்கிலிருக்கும் கறுப்பு, பூஞ்சை. சுவரின் கீழ்ப்பாதியில் மங்கலாகப் படிந்த வெள்ளை, சவர்க்காரக் கொழுப்பு தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து உருவான படலம். இவை சாதாரணம். ஆய்வாளரின் மரியாதைக்குரியது மூன்றாவது: குழாயடியிலும் வாளியின் அடியிலும் வழவழப்பாகப் படரும் இளஞ்சிவப்பு. பலர் அதைத் துருவென்று எண்ணித் தேய்க்கிறார்கள். பல வீடுகளில் அது செராஷியா மார்செசென்ஸ் என்ற நுண்ணுயிரி. சவர்க்காரம், ஷாம்பு மிச்சத்தைத் தின்றே பிழைக்கும். அதன் பூர்வீகப் புகழ் பெரிது. 1819இல் இத்தாலியின் பாதுவா அருகே விவசாயி ஒருவர் வீட்டில் மக்காச்சோளக் களி இரத்தச் சிவப்பாக மாற, ஊரே பேயின் வேலை என்று அரண்டது. பார்த்தொலொமேயோ பிசியோ என்ற மருந்தாளர்தான் அது ஓர் உயிரின் வேலையென்று காட்டினார். அன்று ஒரு கிராமத்தையே நடுங்கவைத்த வம்சம், இன்று லாபிஸில் ஷாம்பு பாட்டிலின் அடியில் ஒரு வட்டம் போட்டு அடக்கமாகக் குடியிருக்கிறது.

ஆயுதங்களில் முதலிடம் பழைய பல் பிரஷுக்கு. கடையில் விற்கும் நீளப்பிடி பிரஷ் எதுவும் டைல்ஸ் இடுக்கில் அதற்கு ஈடாகாது. அடுத்தது குளோராக்ஸ் என்னும் வெளுப்புத் திரவம். இங்கே பரவலான பிழை ஒன்று உண்டு: ஊற்றிய கையோடு தண்ணீர் விட்டு அலசுவது. பத்து நிமிடமாவது ஊறவிட்டால்தான் அது வேலை செய்யும். அப்போதும் சிமெண்டு இடுக்கு நுண்துளைகள் நிறைந்தது என்பதால், மேலே வெளுத்துப்போன பூஞ்சையின் இழை உள்ளே பிழைத்திருந்து மழைக்காலத்தில் மீண்டும் தலைகாட்டும். குளித்து முடித்ததும் கதவைத் திறந்து ஈரத்தை வெளியேற்றும் வீடு, புட்டி புட்டியாக வாங்கிக் குவிக்கும் வீட்டைவிட நீண்ட நாள் சுத்தமாக இருக்கும்.

வேலைப் பங்கீடு எங்கும் ஒரே மாதிரி. அம்மா கட்டளை, இளைய மகன் உழைப்பு, அப்பா தொழில்நுட்ப ஆலோசனை. ஆலோசனை என்பது கதவருகே நின்று, "அந்த மூலையப் பாருடா" என்பது.

"தம்பி, தொட்டித் தண்ணிய எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேம்மா."

"உள்பக்கம் தேச்சியா?"

பதில் இல்லை.

இந்த மௌனத்தில்தான் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது. தண்ணீர் தடைபட்டால் உதவும் என்று பல வீடுகளில் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டிரம்மோ நிரப்பி வைத்திருப்பார்கள். ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரை மட்டும் இறக்கிவிட்டு மறுபடி நிரப்பும் மகன், முட்டைகளுக்கு மழைக்கால வரவேற்பு நடத்துகிறான். தண்ணீர் ஏறியதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வீட்டில் கொசுப்புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம். வாரத்துக்குப் பத்து நிமிடம் தேடி அழியுங்கள் என்று சுகாதார அமைச்சு கேட்பதும் இதனால்தான். விருந்தாளி கண்ணில் படும் சுவருக்கு ஒரு மணி நேரம், கொசு முட்டையிடும் சுவருக்கு ஒரு நிமிடமும் இல்லை என்பது பண்பாட்டு வழக்கமே தவிர, சுகாதாரமல்ல.

இத்தனை பாடுபட்டுப் பளபளப்பாக்கிய குளியலறையின் ஆயுள் சொற்பம். தீபாவளி விடியற்காலையில் வீடே வரிசையில் நின்று தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுகும். கடைசி ஆள் வெளியே வரும்போது தரை வழுக்கும், வடிகாலில் சீயக்காய்ச் சக்கை அடைக்கும். இதைக் கண்டும் மறு ஆண்டு முன்கூட்டியே கழுவுகிறார்கள். பண்டிகைக்கு மறுநாள் சோடாத்தூளும் சுடுநீருமாக ஒரு தடவை தேய்ப்பதே அறிவியல்பூர்வமானது என்று ஆய்வாளர் பரிந்துரைத்தால், அவரையே பிரஷைப் பிடிக்கச் சொல்வார்கள்.

வெள்ளத்துக்குப் பிந்திய துப்புரவு இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. 2006-07லும் 2023 மார்ச்சிலும் செகாமாட் மாவட்டம் கண்ட வெள்ளத்துக்குக் கேலி பொருந்தாது. சேறு காய்வதற்குள் கழுவ வேண்டும், எலிக்காய்ச்சல் அபாயத்தால் பூட்ஸும் கையுறையும் அவசியம் என்பதை மட்டும் குறித்துவிட்டு நகரலாம்.

மீதமிருப்பது ஒரே எச்சரிக்கை. "ரெண்டையும் சேத்து ஊத்துனா நல்லாப் போகும்" என்ற அறிவுரை பல வீடுகளில் உலவுகிறது. கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. குளோராக்ஸில் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஜன்னல் சிறுத்த குளியலறையில் அதன் முன் நிற்க வேண்டாம். வினிகரையும் எலுமிச்சையையும் குளோராக்ஸோடு சேர்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வகைப் புட்டி போதும். தொட்டியின் உள்பக்கத்துக்குப் புட்டியே வேண்டாம், ஒரு பிரஷும் பத்து நிமிடமும் போதும்.