மருத்துவ உபயோகத்துக்கு மட்டும்

1998-ல் எனக்குச் சர்க்கரை என்று சொன்னபோது வயது 32. வெறும் வயிற்றில் 134. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை 140-ஐத் தொட்டால்தான் நோய். 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்தக் கோட்டை 126-க்கு இறக்கியது. ஒன்றிரண்டு வருஷம் முந்திக்கொண்டு ரத்தம் கொடுத்திருந்தால் ‘ஒன்றுமில்லை, போங்க’ என்று அனுப்பியிருப்பார்கள்.

அப்போது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. ஆபீஸில் ஒருவருக்குச் சர்க்கரை என்பது வீட்டில் கடன் இருப்பது போல. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டர் சொன்னதும் சுருக்கம்தான். இனிப்பைத் தொடாதீங்க, ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க. கோதுமையிலும் ஏறக்குறைய அரிசி அளவுக்கு மாவுச்சத்து உண்டு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாவுச்சத்தெல்லாம் பள்ளிக்கூட அறிவியல் பாடத்தோடு முடிந்துபோன சமாச்சாரம்.

ஆபீஸ் விசேஷம் என்றால் மூன்றே அயிட்டம்: ஸ்வீட், காரம், காபி. இன்க்ரிமென்ட், டிரான்ஸ்ஃபர், பேரன் பிறந்தது, எதுவானாலும் அதேதான். பியூன் பழைய வவுச்சர் தாளைக் கிழித்து மேஜைக்கு மேஜை வைத்துக்கொண்டே போவார். மைசூர்பா இருந்த இடத்தில் நெய் ஊறி, தாளின் பின்பக்கத்துக் கையெழுத்து இந்தப் பக்கம் இடவலம் மாறித் தெரியும். அதே தாளில் மைசூர்பாவை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, “பசங்களுக்கு” என்றால் போதும். பிள்ளைப் பாசத்தை எதிர்த்துப் பேச எந்த மேனேஜருக்கும் துணிச்சல் வராது. மிஞ்சியது ஒரு மெதுவடை. உளுந்தும் எண்ணெயும்தான் பெரும்பங்கு. இன்றைக்கு ‘லோ கார்ப்’ வகுப்பு எடுக்கிறவர்கள் பார்த்தால் பாஸ் மார்க் போட்டிருப்பார்கள். காபிதான் தகராறு, தூக்கிலேயே சர்க்கரை கலந்து வரும்.

மற்றொரு கண்டம் கணக்கு முடிக்கும் இரவு. செப்டம்பர் 30, மார்ச் 31. லெட்ஜர் டேலி ஆகாமல் ஒருவரும் நகர முடியாது. பத்துப் பைசா வித்தியாசத்தை நள்ளிரவுவரை தேடுவோம். எட்டு மணிக்கு ஹோட்டலில் இருந்து பொட்டலம் வந்து இறங்கும். ஹெட் கிளார்க் பரிமாறுவார். “நீங்க சுகர் ஆளாச்சே, சோறு ஆகாது. இந்தாங்க, இன்னும் ரெண்டு புரோட்டா!” மைதா சோறு இல்லை என்பதில் அங்கே கருத்து வேறுபாடே கிடையாது.

இப்போது அதே வங்கி; சென்னையில் மண்டல அலுவலகம். மூன்று மாதச் சராசரியை எச்பிஏ1சி என்று லிப்டில் நின்றபடி விசாரிக்கிறார்கள். “சார், உங்களுக்கு எவ்ளோ? எனக்கு 7.2” என்று மார்க் ஷீட் காட்டுகிற மாதிரி பெருமை வேறு. பாதிப்பேருக்கு மேல்கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருக்கிறது. (ரேஷன் கடை மட்டும்தான் பழைய நிதானத்தில் இருக்கிறது: எங்கள் வீட்டில் இருப்பது சர்க்கரை அட்டை. அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்கு அரசு அன்போடு கூடுதல் சர்க்கரை தருகிறது.)

2023-ல் இரண்டு செய்திகள் வந்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. அது சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்றது ஐ.நா. எங்கள் நிர்வாகப் பிரிவு இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து ரிவ்யூ மீட்டிங், வாடிக்கையாளர் சந்திப்பு எதுவானாலும் நட்சத்திர ஹோட்டலில் ‘டயபெட்டிக் ஸ்பெஷல்’ கவுண்டர் ஒன்று உண்டு. தினைப் பொங்கல், வரகு பிரியாணி, ராகி சேமியா, கருப்பட்டி மைசூர்பா, பேரீச்சம்பழ லட்டு. குடிக்க ஆப்பிள், பீட்ரூட், கேரட் ஜூஸ்.

சிறுதானியத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. நார்ச்சத்து உண்டு, அளவோடு சாப்பிட்டால் தீட்டிய அரிசியைவிட மேல்தான். ஆனால் சமைக்காத தினையோ வரகோ நூறு கிராம் எடுத்தால் அதில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து, அரிசியில் 78. கருப்பட்டி நிறம் மாறிய சர்க்கரை. இதையெல்லாம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, “சார், உங்களுக்காகவே சொல்லி வச்சிருக்கேன்” என்று நிற்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பசங்களுக்கு என்று மடித்துக்கொள்ளவும் வழியில்லை. பசங்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவர்களும் மைசூர்பா தொடுவதில்லை.

அதனால் பஃபேயில் நான் பின்வாசல் வழியாக நுழைகிறேன். தட்டை எடுத்ததும் எல்லோரும் நகர்கிற திசைக்கு எதிராக நடந்தால், முதலில் அகப்படுவது கீரைக் கூட்டு, பீன்ஸ் பொரியல், சுண்டல், தந்தூரி சிக்கன். இவற்றில் வயிறு பாதி நிறைந்தபிறகு ஒரு கரண்டி சோறு. காயும் புரதமும் முன்னே போனால் சோறு ஏற்றுகிற சர்க்கரை மட்டுப்படும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. பன்னீர் பட்டர் மசாலா பக்கம் போவதில்லை. அந்தச் செம்மஞ்சள் குழம்பில் பெரும்பாலும் சர்க்கரை விழுந்திருக்கும். ஒருமுறை வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் கொண்டுபோனேன். வாசலில் செக்யூரிட்டி, “வெளிச் சாப்பாடு அலவ் இல்ல சார்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும்போது கேட்டேன், தீர்ந்துவிட்டிருந்தது.

போன ஆண்டு ஒரு ரிவ்யூ. எங்கள் பிரிவில் இளம் அதிகாரி ஒருவர். வீடியோ பார்த்துச் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். சர்க்கரையை இறக்கக் காலையில் போடுகிற கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, குறைக்கவும் இல்லை. அந்த மாத்திரை, உள்ளே மாவுச்சத்து வந்ததா என்று பார்த்துக்கொண்டு வேலை செய்யாது. வாராக்கடன் புள்ளிவிவரம் சொல்ல எழுந்தவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. “டென்ஷன் ஆகாதீங்க, ரெக்கவரி பண்ணிடலாம்” என்றார் மண்டல மேலாளர், பெருந்தன்மையாக. பக்கத்தில் இருந்தவர் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்தார்: 54. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும்.

ஓடினேன். டீ மேஜையில் ஸ்டீவியா பொட்டலம், கிரீன் டீ, இனிப்பில்லாத பிஸ்கட். ஜூஸ் ஜாடி காலி. ஒருவர் கருப்பட்டி மைசூர்பாவை நீட்டினார். நெய்யில் ஊறியது மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும், அவசரத்துக்கு ஆகாது. நூற்றைம்பது பேர் கூடிய மண்டபத்தில் ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை இல்லை. கடைசியில் சமையல் கட்டில் இருந்து சர்வர் தம்பி ஒரு கிண்ணம் அள்ளி வந்தார். மூன்று ஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர். கால் மணி நேரத்தில் 92. தேறியவர் கேட்ட முதல் கேள்வி: “சார், எவ்ளோ கார்ப் இருக்கும் அதுல?”

நிர்வாகப் பிரிவு விழித்துக்கொண்டது. அடுத்த மீட்டிங்கில் டீ மேஜை நடுவில் பீங்கான் கிண்ணம் நிறையச் சர்க்கரை. முன்னால் அச்சடித்த அட்டை: ‘மருத்துவ உபயோகத்துக்கு மட்டும்’. பதினொரு மணிக்குள் கிண்ணம் காலி. யாருக்கும் நடுக்கம் இல்லை, மயக்கம் இல்லை; காபி மட்டும் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். முதல் ஸ்பூன் போட்டுக்கொண்டது யார் என்று கண்ணால் பார்த்தேன். என் ஓய்வுக்காலப் பணப்பலன் கோப்பு அவர் கையெழுத்துக்காகத்தான் போகப்போகிறது என்பதால் இங்கே எழுதவில்லை.