முப்பத்திரண்டு ஓட்டை

இன்னும் உள்ளே வரவில்லை. படியில்தான் இருக்கிறார். "தம்பி, உள்ளுக்கு வாங்கோவன்" என்று வீட்டுக்கார அம்மா மூன்றாம் தரம் கூப்பிட்டாயிற்று. "இந்தா வாறன் அம்மா" என்று இவரும் மூன்றாம் தரம் சொல்லியாயிற்று. இடது காலைத் தூக்கி வலது தொடையில் போட்டு, கணுக்காலுக்கு மேலே ஏறிப்போயிருக்கும் லேசை ஒவ்வொரு ஓட்டையாக இளக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு சப்பாத்தில் எட்டுச் சோடி ஓட்டை, அதாவது 16. இரண்டிலும் சேர்த்தால் 32. இளக்கி முடித்தால் கழன்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்காதவர்கள். தடித்த தோல் வியர்வையில் காலோடு ஒட்டிக்கிடக்கும். குதிக்காலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் மேசும் சேர்ந்து வரும். வந்த மேசை உதறி, சப்பாத்துக்குள் சுருட்டி வைத்து, அடுத்த காலைத் தூக்கும்போது உள்ளே பிளேன்ரீ ஆறிப்போய், பக்கத்தில் வைத்த பனங்கட்டித் துண்டுக்கு எறும்பு வந்திருக்கும்.

ஒருவருடைய அவதியைப் பார்த்துச் சிரிப்பதோடு இதை விட்டுவிட முடியாது. இதில் ஒரு நியாயம் பேச இடமிருக்கிறது. ஒரு காலணி ஓர் ஊருக்குப் பொருந்துமா என்பதை நிலைக்கண்ணாடி சொல்லாது, வாசற்படிதான் சொல்லும். படியில் இருக்கிற நம் பூட்ஸ் தம்பி கண்ணாடியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டிலிருந்து புறப்படுகிறார். கண்ணாடி என்னவோ நல்ல பதில்தான் சொல்கிறது. ஜீன்ஸின் விளிம்பு இரண்டு மடிப்பு, அதற்குக் கீழே ஒரு விரற்கடை வெள்ளை மேசு, அதற்குக் கீழே தேன் நிறத் தோல். குறையே சொல்ல முடியாது. ஆனால் வன்னியில் ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை படிகளில் செருப்பைக் கழற்றுகிறான் என்று கண்ணாடிக்குத் தெரியாது. பெரியம்மா வீடு, கோயில், ஒரு செத்தவீடு, பிள்ளையைக் கூட்டப்போகிற ரியூசன் கொட்டில், அயலில் ஒரு சாமத்திய வீடு. பாட்டா போட்டவன் நடையை நிறுத்தாமலே இரண்டையும் உதறிவிட்டு உள்ளே போய்விடுகிறான். கால்தான் கழற்றுகிறது, கை வருவதேயில்லை. இவருக்கோ ஒவ்வொரு படியிலும் 32 ஓட்டை போகும்போது, 32 ஓட்டை வரும்போது. ஐந்து படி ஏறி இறங்கினால் 320.

வட்டாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். வாசலில் மலைபோலச் செருப்புக் குவிந்து கிடக்கும். திரும்பி வந்தவர்கள் தங்களுடையதையோ, தங்களுடையது மாதிரி ஒன்றையோ போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். இவர் மணலில் குந்தியிருந்து கட்டிக்கொண்டிருப்பார். ஒரு நன்மையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு பெறுமதியான சப்பாத்து அத்தனை சனத்துக்குள்ளும் களவு போவதில்லை. செருப்புக் களவெடுக்கிறவனுக்கும் நேரம் பெறுமதியானது.

இந்தச் சப்பாத்துகள் பிறந்த இடங்களைப் பார்த்தால் குற்றம் தோலில் இல்லை என்பது விளங்கும். ரெட் விங் கம்பனி 1905-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கியது. அதன் 'அயர்ன் ரேஞ்சர்' என்ற வகை அந்த மாநிலத்து இரும்புச் சுரங்கத் தொழிலாளரின் பெயரில் வந்தது. விரல்மேல் கல் விழுந்தால் தாங்கவென்று அதன் முனையில் இரட்டைத் தோல். டிம்பர்லண்டின் மஞ்சள் பூட்ஸ் 1973-இல் நியூ ஹம்ஷயரின் குளிருக்கும் ஈரத்துக்கும் செய்தது. டொக்டர் மார்ட்டின்ஸின் 1460 என்பது விலையோ ஓட்டைக் கணக்கோ அல்ல, 1960 ஏப்ரல் 1-ஆம் திகதி அது இங்கிலாந்தில் வெளிவந்த நாள். தபால்காரரும் தொழிற்சாலைக்காரரும் போட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு: விடியக் கட்டினால் பொழுதுபட்டுத்தான் அவிழ்ப்பார்கள். நாளுக்கு ஒருமுறை என்றால் 32 ஓட்டை ஒரு பொருட்டல்ல, அதுவே பாதுகாப்பு. அந்தக் கணக்கில் தைத்ததை, படிக்குப் படி கழற்றுகிற ஊருக்குக் கனடா மாமா பார்சலில் அனுப்பிவிட்டார். மாமாவும் அங்கே பனிக்குள் அதைப் போட்டுத்தான் வேலைக்குப் போகிறார் என்பதை மருமகன் வசதியாக மறந்துவிட்டார்.

"அப்படியென்றால் ஜீன்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் தொழிலாளி உடுப்புத்தானே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆணி அடித்த ஜீன்ஸுக்கு அமெரிக்காவில் 1873-இல் காப்புரிமை கொடுத்தார்கள். இன்று அதைப் போட்டுக்கொண்டு மாமன் மகளின் கலியாண வீட்டில் பந்தி பரிமாறலாம். ஒருவரும் கேட்பதில்லை. காரணம், ஜீன்ஸைப் படியில் கழற்றச் சொல்வதில்லை. வந்த உடுப்புகளில் படியோடு பகைக்காதது ஊரோடு சேர்ந்துவிடுகிறது. சப்பாத்து என்ற சொல்லையே பாருங்கள். போர்த்துக்கீசர் விட்டுப்போனது, மேசும் அப்படியே. 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்களின் சொல், இன்றைக்கு எங்கள் வாயில் தமிழாகிவிட்டது. பொருள் மட்டும் நானூறு வருடமாகியும் வீட்டுப் படியைத் தாண்டவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: பாம்பு, முள்ளு, எலிக்காய்ச்சல். வயலுக்குள் புடையன் இருக்கிறது, சேற்றுத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் வருகிறது, வயல் வேலைக் காலத்தில் சுகாதாரப் பகுதியினர் வயற்காரருக்கு முற்காப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் தோல் பூட்ஸோடு காலபோகச் சேற்றில் இறங்கினால் முதல் அடியில் கால் வெளியே வரும், சப்பாத்து வராது. சேற்றுக்கு என்று றப்பர் பூட்ஸ் இருக்கிறது, அதற்கு லேசும் இல்லை. அது படத்துக்கு எடுபடாது என்பதுதான் குறை. இவருடைய படங்களைப் பாருங்கள். பின்னால் லாண்ட்மாஸ்ரர், முன்னால் இவர், சாரத்தை மடித்துக் கட்டிக் கீழே பூட்ஸ், நிற்பது காய்ந்த வரம்பில். வரம்புக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிகிற நாலு பேரும் வெறுங்கால். இரணைமடுக் குளக்கட்டிலும் ஒரு படம் உண்டு. அந்தக் குளத்தின் வேலை 1902-இல் தொடங்கியது. அன்றைக்கு அங்கே மண் சுமந்தவர்களின் காலில் ரெட் விங் இருந்திருக்காது, கம்பனியே மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது.

பழைய உடுப்போடு சேர்த்துப் போடுவது இவருடைய இரண்டாவது கலை. அதற்கு 'வின்ரேஜ்' என்று பெயர். மற்ற ஊர்களில் இது சுலபம்: அப்பப்பாவின் அலுமாரியைத் திறந்தால் கோட்டும் அகலக்கால் காற்சட்டையும் தொங்கும். வன்னியில் அலுமாரி எங்கே? போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கையில் பிடித்த பையோடு மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள்தான் இங்கே பாதி. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது ஒருவரும் அப்பப்பாவின் கோட்டோடு வெளியே வரவில்லை. ஆகவே இவர் பழசைப் புதிதாக வாங்குகிறார். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் அப்பப்பா போட்டுத் தேய்ந்த சேட்டை, இணையத்தில், தபாற்செலவும் கொடுத்து. தோலும் தானாகப் பழசாகும் வரை பொறுக்காமல், தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கொடுத்த வகையாகப் பார்த்து எடுப்பார். தேய்வுக்குக் காசு கொடுக்கிற மனிதரைச் சுற்றி, காசில்லாமல் தேய்ந்த ஊர்.

இன்னொன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்ஸ் என்றால் இங்கே ஒரு சத்தம். இருட்டில், ஒழுங்கையில், அந்தக் கனத்த நடை கேட்டால் வயதானவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். "இது ஆமி பூட்ஸ் இல்லை ஆச்சி, ஹெரிற்றேஜ்" என்று தம்பி தையலைக் காட்டுவார். காதுக்குத் தையல் தெரியாது. வேலைக்கென்றே பூட்ஸ் போடுகிற ஆட்கள் வன்னியில் யாரென்று தேடினால் முகமாலைப் பக்கம் போக வேண்டும். ஹலோ ட்ரஸ்ட் 2002-இலிருந்து இலங்கையில் கண்ணிவெடி அகற்றுகிறது. அந்த வேலையில் நிறையப் பெண்கள், குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள். கவச அங்கியும் முகமறைப்புமாக, வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணைச் சாண் சாணாகக் கிளறுகிறார்கள். அவர்களுடைய பூட்ஸுக்கு நிறம் தெரியாது, மண்தான் தெரியும். அதைப் படம்பிடித்து 'லுக்' என்று போட்டவர் எவருமில்லை. தம்பி பூட்ஸைப் பற்றி இவ்வளவு வாசிக்கிறார், இவர்களைப் பற்றி ஒரு வரி வாசிக்கவில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் அந்த மனிதரில் ஒரு நல்ல குணம் இருப்பதை மறைக்கக் கூடாது. அவர் எறிய மாட்டார். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பலகைக்கட்டை போட்டு இருந்து, பழைய பனியன் துண்டால் எண்ணெய் பூசி, மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பார். அடி தேய்ந்தால் பஸ் நிலையத்தடியில் குடையின் கீழ் இருக்கிற செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோவார். மேல்தோலையும் அடியையும் ஒரு தோல்வாரோடு சேர்த்துத் தைத்த சப்பாத்து, அடியை மட்டும் பிரித்து மாற்றலாம் என்று அவருக்கு விளங்கப்படுத்துவார். ஒட்டுப்பசை உரிந்த சீனச் சப்பாத்துகளையே நாள் முழுக்கப் பார்த்து அலுத்த அந்த மனிதர், குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு இதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் அதில் அரை மணித்தியாலம் போகும். இந்த ஊரில் பூட்ஸ் தம்பியை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். இவ்வளவு பக்குவம் உள்ளவருக்கு ஒரு சிபாரிசு: கிளார்க்ஸின் டெசேர்ட் பூட்ஸ். 1941-இல் பர்மாவுக்குப் போன நேதன் கிளார்க் அங்கே அதிகாரிகளின் காலில் கண்டு பிடித்துக்கொண்ட வடிவம் அது. வெயிலுக்கு ஆனது, தோல், வேண்டுமென்றால் வின்ரேஜும்தான். காலுக்கு இரண்டே சோடி ஓட்டை. பனங்கட்டியை எறும்புக்கு முன்னே இவர் எடுக்கலாம்.

சொன்னாலும் கேட்கமாட்டார். இப்போது போய்வருகிறேன் என்று எழும்பி, படியில் இருந்து, மேசை இழுத்து, 32 ஓட்டையையும் கீழிருந்து மேலாக இறுக்கி, கணுக்காலைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, ஜீன்ஸின் மடிப்பையும் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். கை பொக்கற்றைத் தடவுகிறது. மற்றப் பொக்கற்றையும் தடவுகிறது. பிறகு கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

"அம்மா, அந்தக் கதிரையில கிடக்கிற என்ரை போனை ஒருக்கா எடுத்துத் தாறியளே?"