வால்மேல் உட்கார ஆள் வேண்டும்
அருப்புக்கோட்டையில் கணினித் திரையில் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர்விமானத்தை ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு மனக்குறை: எஞ்சினை முழுசாக முறுக்கினால் பிரேக் பிடித்தும் விமானம் நகர்கிறதாம். நிஜம் மாதிரி இல்லையாம்.

நிஜமே அப்படித்தான் தம்பி. 1938-இல் படையில் சேர்ந்த அந்த விமானத்துக்கு ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின். பிரேக்கோ, திருச்சுழி பஸ்ஸைப் போலக் காற்றழுத்தத்தில் இயங்குவது. பிடி கட்டுப்பாட்டுத் தடியில் இருந்தது. அதையும் ஓங்கிப் பிடிக்க முடியாது; பிடித்தால் வால் எழும்பும், மூக்கு தரையில் குத்தும், முன்விசிறி நொறுங்கும். (மழை பெய்த கரிசலில் மூக்குக் குத்த பிரேக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம்.) எஞ்சினைச் சோதிக்கையில் வால் எழும்பாமலிருக்க அதன்மேல் ஆட்களையே உட்கார வைத்தார்கள்.

ஆகவே தம்பிகளே, புகார் எழுதுவதானால் பிரேக்கைத் திட்டாதீர்கள். வால்மேல் உட்கார நாலு ஆள் கேளுங்கள்.