மாப்பிள்ளை பேட்டன் கரும்புக்குள் போன கதை

ஜார்ஜ் பேட்டன் என்ற அமெரிக்கத் தளபதி இரண்டு உலகப் போர்களிலும் டாங்கிகளோடு புரண்டவர். அவரை எந்தக் குண்டும் முடிக்கவில்லை. 1945 டிசம்பரில் கார் விபத்தில் அடிபட்டுத்தான் இறந்தார். அப்படிப்பட்டவர் பெயரை ஒரு டாங்கிக்கு வைக்குமுன் யாராவது ஜாதகம் பார்த்திருக்கலாம். அமெரிக்கர்களுக்கு அந்த வழக்கமில்லை.

கம்யூனிஸ்டுகளை விரட்ட உதவும் என்று 1950களில் பாகிஸ்தானுக்குப் பேட்டன்களை அள்ளிக் கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புது மாப்பிள்ளை மாதிரி எண்ணெய் பூசி நின்ற வண்டிகளை எத்தனை நாள்தான் கொட்டகையிலேயே வைத்திருப்பது? 1965 செப்டம்பரில் அவை பஞ்சாபின் கேம்கரண் வழியாக நம் வீட்டுக்கே விருந்துக்கு வந்தன.

மாப்பிள்ளை முறுக்கில் குறையில்லை. எடை ஏறக்குறைய 45 டன், பீரங்கி 90 மி.மீ., நெற்றியில் 100 மி.மீ. கனத்துக்கு எஃகு. திட்டமும் பிரமாதம்: கேம்கரணைத் தாண்டி ஓடி, பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, அமிர்தசரஸை மற்ற இந்தியாவிலிருந்து கத்தரித்துவிட வேண்டியது.

வரவேற்க நின்றது இந்தியாவின் 4-வது மலைப் பிரிவு. பஞ்சாபில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலை கிடையாது. அதைப் பற்றி ராணுவத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் அடியிலேயே பிரிவு கேம்கரணை விட்டுப் பின்வாங்கியது. பியாஸுக்குப் பின்னால் போய்விடலாமா என்று டில்லியிலிருந்தே யோசனை வந்தது, மேற்குப் பகுதித் தளபதி ஹர்பக்ஷ் சிங் மறுத்துவிட்டார் என்று பின்னாளில் ஒரு கதை உண்டு. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

பின்வாங்கியவர்கள் அஸல் உத்தர் கிராமத்தைச் சுற்றி லாட வடிவில் உட்கார்ந்தார்கள். துணைக்கு பிரிகேடியர் தியோகராஜின் கவசப் படை: உலகப் போர்க்காலத்து ஷெர்மன்கள், எடை குறைந்த பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13கள், கொஞ்சம் சென்சூரியன்கள். கூடவே ஓர் உள்ளூர் வேலையும் பார்த்தார்கள். கால்வாயை உடைத்துக் கரும்பு வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். அதன் பிறகு யுத்தத்தில் பாதி விவசாயம்தான்.

பேட்டனின் குறிபார்க்கும் கருவியை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் தனித்தனியே விழும் பிம்பங்களை வைத்து எதிரி எத்தனை கெஜத்தில் இருக்கிறான் என்று கணிக்கும் கண்ணாடி அது. அதற்கு நல்ல கண், நீண்ட பயிற்சி, மண்டைக்குள் அமைதி மூன்றும் வேண்டும். எதிரி கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நின்றால் அற்புதமான கருவி. கரும்புக்குள், நூறு கெஜத்தில் எதிரே என்ன இருக்கிறதென்றே தெரியாதபோது, அது விலை உயர்ந்த மூக்குக்கண்ணாடி. வழி தெரிய டாங்கியின் தளபதி மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டும். தலையை நீட்டினால் சுடுகிறார்கள். நேரே போனால் ஒளிந்திருக்கும் சென்சூரியன், ஒதுங்கினால் சேறு. பெட்ரோலோ ஒருமுறை நிரப்பினால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் வரும். டாங்கிக்கு முன்னால் நடந்து புதர்களைக் கிளற வேண்டிய காலாட்படை, பல இடங்களில் கூட வந்து சேரவே இல்லை.

இந்தச் சமயத்தில் 4-வது கிரனேடியர்ஸில் ஒரு ஹவில்தார் ஜீப்பில் ஏறினார். பெயர் அப்துல் ஹமீது, ஊர் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் பக்கம். பதவிப்படி கம்பெனியின் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். ஜீப்பின் மேல் இருந்தது 106 மி.மீ. பீரங்கி. உண்மையில் அதன் வாய் 105 மி.மீ.தான், பழைய 105 குண்டுகளோடு குழம்பக் கூடாதென்று அமெரிக்கர்கள் ஒரு மில்லிமீட்டரைத் தாராளமாகக் கூட்டிப் பெயர் வைத்தார்கள். இதில் தூரம் கணிக்கக் கண்ணாடி வித்தை எதுவும் இல்லை. பீரங்கியின் முதுகில் ஒரு சின்னத் துப்பாக்கி இருக்கும். முதலில் அதைச் சுட வேண்டும். தோட்டா இலக்கில் பட்டுப் புகைந்தால், அதே குறியில் பெரியதை அனுப்ப வேண்டும். அந்தக் குண்டு வேகத்தால் எஃகைத் துளைப்பதில்லை. வெடிக்கும்போது பீறிடும் உலோகத் தாரையால் துளைக்கும். ஒரே தொல்லை, சுட்டதும் பின்பக்கம் புழுதி கிளம்பி இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உடனே ஜீப்பைக் கிளப்பிவிட வேண்டும்.

ஹமீது சுட்டார், நகர்ந்தார், மறுபடி சுட்டார். தகரம்கூட இல்லாத ஜீப்பிலிருந்து பேட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். செப்டம்பர் 10 அன்று ஒரு டாங்கியும் அவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அதில் அவர் உயிர் போனது. இந்தக் கதையில் கேலி செய்ய இடமில்லாத ஆள் அவர் ஒருவர்தான். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள்.

இந்தியத் தரப்புக் கணக்கில் அங்கே வீழ்ந்தவையும் சிக்கியவையும் 97 டாங்கிகள். பிடிபட்டவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி, அந்த இடத்துக்கு ‘பேட்டன் நகர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நாம் ரொம்பக் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். அதே மாதம் சியால்கோட் பக்கம் சாவிண்டாவில், தாக்கப் போன நம் சென்சூரியன்களை இதே பேட்டன்கள் நின்று மறித்தன. அங்கே போய் மாட்டிக்கொண்ட விருந்தாளி நாம்.

போர் நின்று மூன்று மாதம் கழித்து, 1965 டிசம்பரில், நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி சாவகாசமாக வெளியே வந்தது. அதில் தூரம் கணிக்க என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துப்பாக்கி. முதலில் அதைச் சுட வேண்டும்.