‘ரெஸ்பெக்டட் சேர்’ முதல் ‘ஹாய்’ வரை: பெரியகல்லாற்று ஆங்கில மின்னஞ்சல்களில் பணிவின் ஏற்ற இறக்கம் பற்றியதோர் ஆய்வு

ஒருவருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று பெனலொப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இரு அறிஞர்கள் 1978இல் எழுதினார்கள். 1987இல் அது தனிநூலாகவும் வந்தது. பேசிக்கொள்ளும் இருவருக்கும் இடையிலுள்ள தூரம், கேட்கப்படுபவரின் அதிகாரம், கேட்கும் காரியத்தின் பாரம்: மூன்றையும் கூட்டினால் தேவையான பணிவு வந்துவிடும். இதற்கு அவர்கள் சான்றாக எடுத்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் இருந்து கேட்டிருக்கிறார்கள். அப்படியே மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றுக்கும் ஒரு நடை வந்திருந்தால், கூட்டலில் நாலாவது எண் விடுபட்டது தெரிந்திருக்கும்.

நாலாவது எண், கொமினிகேசன் கடையில் டைப் பண்ணும் பிள்ளை.

கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்கும் இவ்வூரில் ஆங்கில மின்னஞ்சல் என்பது கூட்டு முயற்சி. விஷயம் ஒருவருடையது, ஆங்கிலம் ஓய்வுபெற்ற ஆசிரியருடையது, விரல் பிள்ளையுடையது. போட்டோக்கொப்பி எடுக்க வந்து நிற்பவரும் ஒரு சொல் போட்டுவிட்டுத்தான் போவார். ஆசிரியர் ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ இல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டார். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்ற செய்தி அவருடைய இலக்கணத்துக்கு இன்னும் எட்டவில்லை. பிள்ளைக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. எவரோ வேலைக்கு விண்ணப்பித்த பழைய கடிதம் கணினியில் கிடக்கிறது. பெயரை மாற்றினால் சரி. ‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் பெயித்புலி’, பெயர் தெரிந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்பதைச் சாதாரண தரப் பரீட்சைக்கு எல்லாரும் பாடமாக்கியிருக்கிறார்கள். விடைத்தாளுக்கு வெளியே அவ்விதி உயிரோடு நடமாடுவதை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

அதிகாரம் என்னும் எண்ணுக்கு நல்ல களம் இடமாற்றக் கடிதம். பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் ஆசிரியர் ‘அதிபர் ஊடாக’ என்று போடாவிட்டால் கடிதம் படியேறாது. மின்னஞ்சலில் ஊடாகப் போவதற்கு வழியில்லை. ஆகவே அந்தப் பணிவெல்லாம் பிரதிப் பெட்டிக்குள் இறங்குகிறது: அதிபர், பணிப்பாளர், மாகாணத்தில் ஒருவர், கொழும்பில் தெரிந்த ஒருவர். மறைபிரதி மொட்டைப் பெட்டிசத்தின் பரிணாம வளர்ச்சி என்பது எமது துணை முடிவு.

தூரம் இன்னும் சிக்கலானது. ஸ்வீடனில் 1967இல் சுகாதார நிர்வாகத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், தன் கீழுள்ள அனைவரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். நாட்டில் ஏற்கெனவே கிளம்பியிருந்த வழக்கம் அதோடு வேகம் பிடித்தது. இன்று அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்படியொரு பேராசிரியருக்கு இங்கிருந்து புலமைப்பரிசில் கேட்டு ‘ரெஸ்பெக்டட் ப்ரொபெசர் டொக்டர் சேர்’ என்று எழுதினால் என்ன வரும்? ‘ஹாய்’ வரும். கீழே வெறும் பெயர் வரும். வீடு கலங்கிப்போகும்.

“என்ன மனே, இவ்வளவு மரியாதயா எழுதியும் அந்தாள் ஹாய் எண்டு போட்டிருக்கான்? கோவம் போல.”

“இல்லப்பா, அங்க அப்பிடித்தான்.”

“மறுகா நீ என்னெண்டு எழுதப்போறாய்?”

இந்த நெருக்கடியில்தான் ‘ஹாய் சேர்’ பிறந்தது. இரு நாகரிகங்களும் தலைக்கு ஓரடி விட்டுக்கொடுத்த உடன்படிக்கை அது. இலங்கையில் இதைவிட நீடித்த உடன்படிக்கைகள் குறைவு.

பாரம் கூடக்கூடப் பணிவு கூடும் என்பது சரியே. ஆனால் கோபத்திலும் கூடுகிறது. சாப்பிட வராத மகனை மூன்றாம் தரம் கூப்பிடும் தாய், ‘வா மனே’யை விட்டுவிட்டு, ‘துரை எழும்பி வருவீங்களோ’ என்பாள். பழுதான பிரிட்ஜுக்காகக் கம்பனிக்குப் போகும் முதல் மின்னஞ்சல் ‘ஹலோ’; மூன்றாவது ‘ரெஸ்பெக்டட் சேர்’. ஒரே பந்தியில் ‘கைண்ட்லி’ இரண்டு தரம் வந்தால் அடுத்தது நுகர்வோர் அதிகாரசபை.

இனி நாலாவது எண்ணுக்கான நிரூபணம். சுவிஸில் பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத மருமகனுக்கு மாமன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார் என்று கொள்வோம். தாய்வழியில் குடி எண்ணும் மட்டக்களப்பில் இந்த உறவில் தூரம் பூச்சியம். பெரியவர் மாமன், ஆகவே மருமகனின் அதிகாரம் பூச்சியம். கேட்பது எதுவுமில்லை, பாரமும் பூச்சியம். கூட்டினால் பணிவு பூச்சியமாக வர வேண்டும். கொமினிகேசனிலிருந்து போன வாழ்த்தோ ‘டியர் சேர்’ என்று தொடங்கி, சான்றிதழ்களின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன் என்று முடிந்தது. மருமகன் உடனே பதில் போட்டான்: ஹாய் மாமா, இணைப்பு வரவில்லை, இன்னொருக்கா அனுப்புங்கோ.