அமரனும் லைஃப் சர்டிபிகேட்டும்

பங்காருபேட்டையில் ஒருவர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்துவிட்டால் ஊரே அவர் வீட்டுக் கதவைத் தட்டும். சியாச்சினில் குளிர் எப்படி, கார்கிலில் என்ன நடந்தது என்று விசாரிக்க அல்ல. "அண்ணா, இந்த மாசக் கோட்டா பாக்கி கீதா?" என்று கேட்க. மிலிட்டரி கேன்டீன் ரம்முக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதை, அதை வாங்கிவரும் கைக்கு இருந்ததில்லை. காதுகுத்துக்கு அவருக்கு முதல் பத்திரிகை வரும். பந்தியில் கடைசி இலை கிடைக்கும். நடுவில் ரெண்டு புட்டி கை மாறியிருக்கும்.

அவர்களுக்கு நினைவுச்சின்னமே வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோலாரிலிருந்து பெங்களூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறோம். 'மிலிட்டரி ஹோட்டல்' என்று போர்டு தொங்கும். உள்ளே ராகி முத்தே, மட்டன் சாறு, தலைக்கறி. தேசத்தைக் காத்தவனின் பெயரைச் சொல்லி ஏப்பம் விடுவதில் எங்கள் ஜில்லாவை யாரும் மிஞ்ச முடியாது.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் மிலிட்டரி அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். அல்சூர் ஏரிக்கரையில் சென்டர் வைத்திருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். துப்பாக்கிக்காரன் போவதற்கு முன்னால் போய்ப் பாலம் கட்டுவது, ரோடு போடுவது, புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படையில் சிப்பாய்க்குப் பெயரே 'தம்பி'. பதினேழு வருஷம் தம்பியாக இருந்து, நாயக் பட்டையோடு வெளியே வந்து, ஊரில் அண்ணன் ஆனவர். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் பூமிக்குள் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடியதும் தங்கவயல் மொத்தமும் ரயிலேறியது. மாரிக்குப்பத்திலிருந்து இருட்டில் கிளம்பும் வண்டி எங்கள் ஜங்ஷனுக்கு வரும்போதே உட்கார இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் அண்ணனும் தினமும் நின்றுகொண்டு பெங்களூர் போகிறார். அங்கே ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி.

2024 தீபாவளி அன்று, அக்டோபர் 31-ல், 'அமரன்' வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ், சோபியான் மாவட்டத்தில் காசிபத்ரி கிராமம், 2014 ஏப்ரல் 25. அடுத்த குடியரசு தினத்தில் அசோக சக்கரத்தை அவர் மனைவி இந்து வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு சொல் குறையும் கிடையாது. சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நன்றாகவே நடித்திருந்தார்கள், நானும் அழுதேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துச் சுற்றிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

எனக்கு முன்சீட்டுக்காரர் அழுதுகொண்டே ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் போன். திரையில் சவப்பெட்டி வரும் நேரம். அதைத் தன் முகத்துக்குப் பின்னால் சரியாக அமைக்க மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை சோகம் நன்றாக வந்தது. இன்னொருவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அவர் மறைத்ததால் பின்னால் இருந்தவர் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். வெளியே பைக் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான் என்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து ரூபாய்ச் சில்லறைக்காக அவரை "யோவ்" என்று அழைத்தவர் கண்ணில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

ரசிகர்கள் அதோடு விட்டார்களா? படத்தில் சாய் பல்லவி ஒரு தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுப்பார். அந்த நம்பர் சென்னையில் ஒரு இன்ஜினீயரிங் மாணவருடையது. ராத்திரி பகல் பாராமல் அவருக்கு போன் அடித்து, வீரமரணம் அடைந்தவரின் மனைவியோடு பேச வேண்டும் என்றது தேசபக்தக் கூட்டம். தாங்க முடியாமல் அவர் 1 கோடியே 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஒரு விதவையின் துக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஆண்பிள்ளைக்கு முதலில் தோன்றியது நம்பரை டயல் செய்வது!

நம்பர் கிடைக்காதவர்கள் சாதியைத் தேடினார்கள். மேஜர் என்ன சாதி, அதைப் படத்தில் ஏன் மறைத்தார்கள் என்று ஒரே கூச்சல். அவர் தன்னை இந்தியன் என்றும் தமிழன் என்றும் மட்டுமே சொல்லிக்கொண்டவர், குடும்பமும் அப்படித்தான் காட்டச் சொன்னது என்று இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. செத்த பிறகும் கம்யூனிட்டி சர்டிபிகேட் கேட்கும் தேசம். சொந்தச் சாதி என்றால் சிலை, கீழ்ச்சாதி என்றால்? 2016 ஜூனில் பாம்போரில் சி.ஆர்.பி.எஃப். வீரர் வீர் சிங் சுடப்பட்டுச் செத்தார். உடல் உத்தரப்பிரதேசத்தில் சொந்த ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்கக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் வந்து கெஞ்சிய பிறகுதான் இடம் விட்டார்கள். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியைத் தாண்டியும் அவர்களுக்கு உள்ளே இருப்பவன் எந்தச் சேரி என்று தெரிந்திருக்கிறது. இதை யாராவது படமாக எடுத்தால், எழுந்து நின்று சல்யூட் அடிக்க எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள் என்று பார்க்க ஆசை.

எழுந்து நிற்பது என்றால் நமக்கு ஒரு தனி வெறி. தியேட்டரில் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று அதுவே மாற்றிக்கொண்டது. கட்டாயம் வருவதற்கு முன்னாலேயே, கோவாவில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் கீதத்துக்கு எழுந்திருக்கவில்லை என்று அடிவாங்கினார். காலில்லாத தேசபக்தி செல்லாது போல.

அண்ணனிடம் வருகிறேன். படம் விட்டு பானிபூரிக் கடையில் நின்றோம். எங்கள் ஊர் பானிபூரித் தண்ணீர் பார்ப்பதற்கு வெறும் குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். தொண்டையில் இறங்கினால்தான் ஆளை உலுக்கும். அண்ணனும் அந்த ரகம். நான் "எப்படிண்ணா இருந்திச்சி?" என்றேன். நாலு பூரி வரைக்கும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"மேஜர் நல்ல ஆளு தம்பி. எனக்கு ஒரு சந்தேகம். சினிமாக்காரங்களுக்கு மேஜருக்குக் கீழ ராங்க் இருக்கிறது தெரியுமா, தெரியாதா?"

யோசித்துப் பார்த்தேன். 'உரி'யில் மேஜர். 'ஷேர்ஷா'வில் கேப்டன். சந்தீப் உன்னிகிருஷ்ணன் படத்துக்குத் தலைப்பே 'மேஜர்'. ஹவில்தாரை நாயகனாக வைத்த 'கேசரி' மாதிரி ஒன்றிரண்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். காசிபத்ரியில் அன்றைக்கு முகுந்தோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் செத்தார். சௌர்ய சக்கரம் கிடைத்தது. தியேட்டரை விட்டு வெளியே வந்த எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது? சமைப்பவன், லாரி ஓட்டுபவன், குழி தோண்டுபவன் எல்லாம் கதாநாயகன் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பான். குண்டு வெடித்தால் முதலில் பறப்பவனும் அவனே.

மங்கலாக ஓடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். இங்கே தங்கம் இருக்கிறது என்று 1802-ல் எழுதிவைத்தவர் வெள்ளைக்காரப் பட்டாளத்து லெப்டினன்ட் வாரன். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. வாரனுக்குப் பொன்மண்ணை அரித்துக் காட்டிய கிராமத்தான் பெயர் இல்லை. அதன் பிறகு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் தோண்டியவன் வட ஆற்காட்டிலிருந்து வந்த பறையன். ஏர்பிளாஸ்ட் அடித்துப் பாறை விழுந்தால் அவன் நசுங்கினான்; விழாவிட்டால் பாறைத்தூள் நுரையீரலில் இறங்கி நிதானமாகக் கொன்றது. அவனுக்கு எந்த பிகிலும் ஊதியதில்லை. 'கே.ஜி.எஃப்.' எடுக்க வந்தவர்கள் எங்கள் சயனைடு மண்மேட்டில் செட் போட்டார்கள். திரையில் அடிமைகள் வந்தார்கள், சுத்தியல் வந்தது, பம்பாய் தாதா வந்தார். தட்டி வீட்டில் பிறந்து ஷாஃப்டில் இறங்கிய தமிழனை மட்டும் காணோம். அவனைத் தேட 2024 ஆகஸ்ட் 15-ல் 'தங்கலான்' வர வேண்டியிருந்தது.

அந்த 'கே.ஜி.எஃப்.' இரண்டாம் பாகம் வந்தது 2022 ஏப்ரல் 14. வசூல் ஆயிரம் கோடியைத் தாண்டியது என்று எங்கள் ஊர்ப் பையன்கள், ஏதோ அதில் பங்கு வரும்போல, பட்டாசு வெடித்தார்கள். அதே ஏப்ரல் மாதப் பென்ஷன் 58,000-க்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினருக்கு உரிய நாளில் வரவில்லை. காரணம், அவர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு பாதுகாப்பு அமைச்சகம் அவகாசம் கொடுத்துப் பணத்தைப் போட்டது. உயிரோடிருந்து கத்தியவர்களுக்கு வந்தது.

இந்தச் சான்று விஷயத்தில்தான் அமரன் எனக்கு மறக்கவே மறக்காது. அமரன் என்றால் சாவில்லாதவன். படம் அக்டோபர் 31-ல் ரிலீஸ். பென்ஷன்காரர்கள் தாங்கள் சாகவில்லை என்று நிரூபிக்கும் மாதம் நவம்பர். படம் பார்த்த அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். சுவரில் சிவகார்த்திகேயன் யூனிஃபார்மில் நிற்கும் போஸ்டர். அதற்குக் கீழே கைரேகை மெஷின். அண்ணன் கட்டைவிரலை வைத்தார். வரவில்லை. சட்டையில் துடைத்து வைத்தார். வரவில்லை. "பெருசு, அழுத்தி வை" என்றான் பையன். ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடது கை. பாறை தூக்கியும் பாலக் கம்பி முறுக்கியும் தேய்ந்துபோன விரல்கள். ஒன்றிலும் கோடு இல்லை. ஒவ்வொரு தடவையும் மெஷின் சிவப்பாக மின்னியது.

"ரேகை இல்ல பெருசு. நாளைக்கு வா."

"நாளைக்கு மட்டும் மொளைக்குமாப்பா?" என்றார் அண்ணன்.

மூன்றாவது நாள், கண்ணைப் படம் பிடிக்கும் மெஷின் இருக்கும் இடம் தேடிக் கோலார் போய்த்தான் அவர் உயிர் பிழைத்தார். ஒரு நாள் சம்பளம் போனது. சிவகார்த்திகேயன் வசூலில் உயிரோடு இருந்தார். எந்தச் சான்றும் கேட்கவில்லை.

டெல்லியில் இருப்பவர்களின் தேசபக்தி இதைவிடக் கம்பீரமானது. 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த கிழவர்களை, 2015-ல் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், போலீஸ் பிடித்துத் தள்ளியது. மெடல் குத்திய சட்டை கிழிந்தது. மறுநாள் காலையில் செங்கோட்டையில் அதே பட்டாளம் அணிவகுத்தது. அவர்கள் சட்டை கிழியவில்லை, ஏனென்றால் அவர்கள் எதையும் கேட்கவில்லை. மும்பையில் கார்கில் வீரர்கள் பெயரைச் சொல்லி ஆதர்ஷ் என்று 31 மாடி கட்டினார்கள். அதில் வீடு வாங்கியோர் பட்டியல் வெளியே வந்ததும் முதலமைச்சர் பதவியே போனது. ஆதர்ஷ் என்றால் லட்சியம் என்று அர்த்தமாம்.

2025 மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். எல்லையில் பீரங்கி ஓயவில்லை, பூஞ்ச்சில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தித் தயாரிப்பாளர்கள் அந்தத் தலைப்பைப் பதிவுசெய்ய முட்டி மோதுகிறார்கள். ஒரு பெரிய கம்பெனி அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. திட்டு விழுந்ததும், இளநிலை ஊழியர் ஒருவர் தவறுதலாகச் செய்துவிட்டார் என்று வாபஸ் வாங்கியது. பாவம், அந்த இளநிலை ஊழியர். கம்பெனியிலும் மேஜர் தப்பித்துவிடுவார், சிப்பாய்தான் மாட்டுவான். இரண்டு நாளில் ஒரு போஸ்டரே வெளியாகி, அதற்கு மன்னிப்பும் வெளியானது.

இனி லைஃப் சர்டிபிகேட் தொல்லைகூட இருக்காது. 2022 ஜூனில் அக்னிபத் வந்துவிட்டது. நாலு வருஷ வேலை. நூறில் இருபத்தைந்து பேருக்கு மட்டும் அதற்கு மேல் இடம். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. அவர்கள் சம்பளத்தில் பிடித்ததையும் சேர்த்துச் சுமார் 11.7 லட்சம் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவார்கள். பென்ஷன் இல்லாதவனிடம் லைஃப் சர்டிபிகேட் யார் கேட்கப் போகிறார்கள்? அவன் செத்தாலும் இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். பெரிய ஸ்டார் படம் ஒன்று பூஜை போட்டு ரிலீஸ் ஆக மூன்று வருஷம் எடுக்கும் காலத்தில், சிப்பாய்க்கு நாலு வருஷம் தாராளம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் தெரு முனையில் கார்கில் நாளுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் இன்னும் கிழியாமல் இருக்கிறது. மேலே தலைவர் மூன்று பேர் கும்பிடுகிறார்கள். நடுவில் உள்ளூர்ப் பிரமுகர், கறுப்புக் கண்ணாடி, ஆளுயரம். கீழே மூலையில் தபால் தலை அளவுக்கு ஒரு துப்பாக்கிக்காரன், முகம் தெரியாது, தேடினால் அது வெளிநாட்டுப் பட்டாளத்தான் படமாக இருக்கும். தொப்பியே சரியில்லை என்று அண்ணன் சொல்கிறார்.

போன ஆகஸ்ட் 15-க்கு அவர் வேலை பார்க்கும் அபார்ட்மெண்டில் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்களாம். நம் செக்யூரிட்டி ஒரு எக்ஸ்-ஆர்மி என்று மைக்கில் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைகள் வரிசையாக வந்து சல்யூட் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது முடிவதற்குள் கேட்டில் ஹாரன். அண்ணன் பொன்னாடையோடு ஓடினார். கதவைத் திறந்து, உள்ளே வரும் காருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். குடியிருப்போர் கார் நுழைந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது அங்கே அசோசியேஷன் ரூல்.

கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். பதிலுக்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று அண்ணன் குனிந்தார்.

"டூட்டியில சால்வை எல்லாம் போடக் கூடாது. கழட்டி வை."